அளவறிந்து திருகுக

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ, வேறு ஊர்களில் கார் சாமான்கள் விற்கும் கடைத்தெருவிலோ, ஓர் ஆம்ப்ளிஃபயரையும், கதவுகளுக்கு நல்ல ஸ்பீக்கர்களையும், டிக்கியில் வைக்க ஒரு சப்வூஃபரையும் கணிசமான பொருட்செலவில் வாங்கிப் பொருத்திக்கொண்டு வருகிறவர்கள், முதல் நாள் அடைந்த பரவசம் சில வாரங்களுக்குள்ளேயே காதடைப்பாகவும் தலைவலியாகவும் மாறுவதைக் கண்டு, வாங்கிய பொருளின் தரத்தைச் சந்தேகிக்கத் தொடங்குவது சகஜம். பெரும்பாலும் குற்றம் பொருளின்மேல் இராது. ஆம்ப்ளிஃபயரின் ஓரத்தில், திருப்புளியின் நுனி மாத்திரம் நுழையும்படி அமைந்திருக்கும் கெயின், கிராஸ்ஓவர் என்ற சிறு திருகுகளின்மேல்தான் இருக்கும்.

இவை சப்தத்தைப் பெருக்குவதற்காக வைக்கப்பட்டவை என்ற அபிப்பிராயமே பல விபரீதங்களுக்கு மூலகாரணம். உண்மையில் இரண்டும் எல்லை வகுக்கும் சாதனங்கள். ஆம்ப்ளிஃபயர் தன் சக்திக்கு மேற்பட்டதைச் செய்ய முயலாதபடி காப்பது கெயின். ஒவ்வொரு ஸ்பீக்கரும் தன் சுபாவத்துக்கு ஒவ்வாத வேலையில் தலையிடாதபடி காப்பது கிராஸ்ஓவர்.

1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்ற சகோதரர்கள் ‘மோட்டரோலா’ என்ற பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்திலே, எஞ்சினின் தீப்பொறி எழுப்பும் இரைச்சலை அடக்குவதும், ரேடியோவின் வால்வுகளுக்கு வேண்டிய உயர்ந்த மின்னழுத்தத்தைக் காருக்குள் தேடிக்கொள்வதும் இத்தொழிலின் இரு பெருஞ்சங்கடங்களாக இருந்தன. வால்வுகள் மறைந்துபோயினும் அச்சங்கடங்கள் முற்றிலும் மறையவில்லை. எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறக்குறைய 14 வோல்ட்டுதான். 14.4 வோல்ட்டைக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குப் பிசகில்லாமல் கொடுக்கக்கூடிய சக்தி, கணக்கின்படியே, சுமார் 26 வாட்டுக்கு மேற்படாது. ஆகையால் ஸ்டீரியோ பெட்டியின்மேல் ‘50 வாட்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பது, ஒரு கணம் எட்டக்கூடிய உச்சத்தைக் குறிப்பதேயன்றி நிலையாகக் கிடைக்கும் சக்தியைக் குறிப்பதன்று. தனி ஆம்ப்ளிஃபயர் தன் வயிற்றுக்குள்ளேயே மின்னழுத்தத்தை முதலில் உயர்த்திக்கொண்டு, பிறகே ஸ்பீக்கருக்குச் சக்தி வழங்குகிறது. ஆனால் அவ்வாறு உயர்த்திய மின்னழுத்தத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு என்பதை மறந்துவிடும்போதுதான் தொல்லை ஆரம்பமாகிறது.

ஸ்டீரியோவிலிருந்து ஆர்.சி.ஏ. ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு வருவது மிகச் சிறிய மின்சமிக்ஞை. சில ஸ்டீரியோக்களில் அது அதிகபட்சம் 2 வோல்ட், சிலவற்றில் 4 வோல்ட். எத்தனை வோல்ட் வந்தவுடன் ஆம்ப்ளிஃபயர் தன் முழுச் சக்தியையும் வெளிப்படுத்த வேண்டும் என்பதை நிர்ணயிப்பதே கெயின் திருகின் வேலை. அதன் பக்கத்தில் 0.2 வோல்ட் முதல் 6 வோல்ட் வரை என்பது போன்ற எண்கள் பொறித்திருக்கும். திருகை 0.2-க்குக் கொண்டுபோனால் அற்ப சமிக்ஞைக்கே முழுச் சக்தியும் வெளிப்பட்டுவிடும். ஆனால் அந்த முழுச் சக்தி ஓர் இம்மியும் கூடாது. கிணற்று நீர்மட்டத்தை வாளி தொடும்வரையில் கயிற்றை விடலாம். அதற்கு மேலும் விட்டுக்கொண்டே போனால் கிணறு ஆழமாகிவிடாது, கயிறுதான் சிக்கலாகும்.

அந்தச் சிக்கலுக்குத் தொழில் தெரிந்தவர்கள் வைத்திருக்கும் பெயர் கிளிப்பிங். மலைமுகடுபோல் வளைந்து எழவேண்டிய நாத அலை, மின்னழுத்தத்தின் வரம்பில் முட்டி, உச்சி சீவப்பட்டுத் தட்டையாகிவிடுகிறது. சீரான அலையொன்று இவ்விதம் முற்றிலும் சதுரமாகிவிட்டால், அதன் உயரம் மாறாமலிருந்தும், அது சுமக்கும் சக்தி இரட்டிப்பாகிறது. அதாவது 100 வாட் ஆம்ப்ளிஃபயர், எவரும் வேண்டாமலே, 200 வாட்டை நெருங்கி ஸ்பீக்கரின் காயிலைச் சூடேற்றத் தொடங்குகிறது. அன்றியும், சீவிய விளிம்புகளிலிருந்து பாட்டிலே இல்லாத உயர்ந்த அதிர்வுகள் புதிதாகப் பிறந்து, மெல்லிய கம்பியால் சுற்றப்பட்ட ட்வீட்டரைத் தாக்குகின்றன. ஆகவே, சக்தி மிகுந்ததை நிதானமாக நடத்துவதைக் காட்டிலும், சக்தி குறைந்ததை மிதமிஞ்சி விரட்டுவது ஸ்பீக்கருக்குச் சில சமயம் அதிக அபாயகரம். கெயின் மிகுந்தால் வேறொரு உபத்திரவமும் உண்டு: ஒயர்களில் புகும் இரைச்சல்களும் சேர்ந்து பெருகி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஆல்டர்னேட்டரின் சீழ்க்கை ஒலி பாட்டுக்கு நடுவே ஏறி இறங்கும்.

கெயினை அளந்து வைக்க ஒரு மல்டிமீட்டரும், முழு அளவில், அதாவது 0 டெசிபலில், பதிவு செய்யப்பட்ட சோதனை ஒலிகளும் போதும். முதலில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டீரியோவில் பேஸ், ட்ரெபிள், ஈக்வலைசர், லவுட்னெஸ் ஆகியவற்றையும், ஆம்ப்ளிஃபயரில் பேஸ் பூஸ்ட் இருந்தால் அதையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கெயினை அடிமட்டத்தில் வைத்து, காற்றோட்டமான இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீரியோவின் ஒலியளவை முக்கால் பங்குக்கு உயர்த்த வேண்டும். 40 வரை எண் உள்ளதில் 30 என்று கொள்ளலாம். சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ் ஒலியையும், மற்றவற்றுக்கு 1000 ஹெர்ட்ஸ் ஒலியையும் ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் ஏ.சி. வோல்ட்டை அளந்தபடியே கெயினை மெல்ல உயர்த்துவது முறை.

எதுவரை உயர்த்துவது என்பதற்குக் கணக்கு எளிது. ஆம்ப்ளிஃபயர் நிலையாகக் கொடுக்கும் ஆர்.எம்.எஸ். வாட்டையும் ஸ்பீக்கரின் ஓமையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வேண்டிய வோல்ட் கிடைத்துவிடும். 75 வாட், 4 ஓம் என்றால் பெருக்கல் 300, வர்க்கமூலம் 17.3 வோல்ட்; 400 வாட், 4 ஓம் என்றால் 40 வோல்ட். அந்த எண்ணைச் சற்றே எட்டாமல் நிறுத்திக்கொள்வது விவேகம்; ஏனெனில் ஸ்பீக்கரின் பாரம் இல்லாதபோது காணும் வோல்ட், பாரம் ஏறியபின் அப்படியே நிலைக்கும் என்ற நிச்சயம் இல்லை. மலிவான மல்டிமீட்டர்கள் 50 ஹெர்ட்ஸில் சரியாகக் காட்டினும் 1000 ஹெர்ட்ஸில் தவறிப்போவதுண்டு. அலையின் உருவத்தை அவை காட்டவே மாட்டா. ஆஸிலாஸ்கோப் வைத்திருக்கும் தொழிலாளியிடம் போனால், உச்சி சீவப்படும் அந்த இடத்தைக் கண்ணாலேயே பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். பழைய சினிமாப் பாட்டுகளும் கச்சேரிப் பதிவுகளும் இக்காலத்துப் பதிவுகளைக் காட்டிலும் தணிந்த அளவில் இருப்பதால், அவற்றையே விரும்பிக் கேட்போருக்காக, 0 டெசிபலுக்குப் பதில் 5 டெசிபல் குறைந்த சோதனை ஒலியைக் கொண்டு கெயின் வைக்கும் வழக்கமும் உண்டு. புதுப் பாட்டு ஓடும்போது ஒலியளவைச் சற்று அடக்கி வைக்கும் சிரத்தை மாத்திரம் அவர்களுக்கு வேண்டும்.

சக்திக்கு எல்லை வகுத்தபின், கடமைக்கு எல்லை வகுக்க வேண்டும். மனிதச் செவி 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கவல்லது என்பர். 80 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் நாலே கால் மீட்டருக்கு மேல்; 3000 ஹெர்ட்ஸ் அலையின் நீளமோ பதினொன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. இத்தனை பேதமுள்ள அலைகளை ஒரே ஸ்பீக்கர் செம்மையாக எழுப்புவது அசாத்தியம். மேலும், ஒரே அளவு சப்தத்தோடு ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால், ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைந்தாக வேண்டும்; இரண்டு ஸ்தாயி இறங்கினால் 16 மடங்கு. 6½ அங்குலக் கதவு ஸ்பீக்கரை 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கச் சொன்னால், அது அப்பிரயத்தனத்திலேயே தத்தளித்து, தனக்கு இயல்பாக வரும் குரலையும் வயலினையும் குழறவைக்கிறது.

ஆதலால் ஹைபாஸ் என்ற தடுப்பு, குறித்த இடத்துக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளை விலக்கி மேற்பட்டவற்றை விடுகிறது. லோபாஸ் அதற்கு நேர்மாறு. 6½ அங்குல ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ், 4 அங்குலத்துக்கு 100 முதல் 120 வரை, தனி ட்வீட்டருக்கு 3000-ஐ ஒட்டி, சப்வூஃபருக்கு 80-இல் லோபாஸ் என்று தொடங்குவது பொதுவான அனுபவம். 80 என்ற எண்ணுக்கு ஒரு நியாயம் உண்டு. அதற்குக் கீழ்ப்பட்ட ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவி அநேகமாக அறிவதில்லை. ஆகவே டிக்கியிலிருக்கும் சப்வூஃபரின் ஒலியும் முன்னாலிருந்தே வருவதாகத் தோன்றும். லோபாஸை 150 வரை உயர்த்திவிட்டாலோ, பாடகர் முன்னே பாட, அவர் குரலின் கனம் மாத்திரம் பின்னாலிருந்து கேட்கும்.

தடுப்பு என்பது சுவர் அன்று, சரிவு. ஸ்தாயி ஒன்றுக்கு 12 டெசிபல் என்ற சரிவில், 80-இல் நிறுத்திய சப்வூஃபர் 160-இல் தன் சக்தியில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்குக்குத் தணிந்திருக்கும். 24 டெசிபல் சரிவில் அது சுமார் 250-இல் ஒரு பங்கு. 1930-இல் ஸ்டீபன் பட்டர்வொர்த் வெளியிட்ட முறையில், எல்லைப் புள்ளியில் ஒலி 3 டெசிபல் தணிந்திருக்கும். ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்துப் பொறியாளர்களான ஸீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி ஆகியோரின் பெயரால் 1976 முதல் வழங்கும் முறையில் 6 டெசிபல் தணிந்திருக்கும். இம்முறையில் எல்லையின் இரு பக்கத்து ஸ்பீக்கர்களும் இசைந்து அசைந்தால், அவ்விடத்தில் மேடும் பள்ளமும் இன்றி ஒலி சமமாகக் கூடும். இந்த இசைவு முக்கியம். ஒரே வாத்தியத்தின் ஆதார ஒலி ஒரு ஸ்பீக்கரிலும் அதன் மேலதிர்வுகள் வேறொன்றிலும் பிறப்பதால், சந்தியில் பிசகு நேர்ந்தால் வாத்தியமே இரண்டுபட்டுவிடும். ஆகவே சப்வூஃபரின் ஃபேஸ் ஸ்விட்சை மாற்றிப் போட்டு, ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்து, மிருதங்கத்துத் தொப்பியின் கும்கி எந்த நிலையில் நிறைவாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டீரியோவிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஒருங்கே கிராஸ்ஓவர் இருந்தால், ஒன்றை மாத்திரம் இயக்கி மற்றதை நிறுத்திவைப்பது நலம். இரண்டும் இயங்கினால் சரிவு செங்குத்தாகிச் சந்தியில் பள்ளம் விழக்கூடும்.

மூடிய சிறு அறையாகிய காருக்குள், ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலி தானாகவே வலுப்பெறும் என்பதையும் மறக்கலாகாது. இயற்கையே இவ்வாறு இனாமாகக் கொடுக்கும்போது, பேஸ் பூஸ்ட்டை 6 டெசிபல் உயர்த்தினால், அந்த இடத்தில் ஆம்ப்ளிஃபயரிடம் நான்கு மடங்கு சக்தி கேட்டவராவோம். அளந்து வைத்த கெயினின் பயன் அத்தோடு போயிற்று.

அளவை முடிந்தபின் எஞ்சுவது செவியின் தீர்ப்பு. ஸ்பீக்கர்களை இணைத்து, நன்கு பழகிய பாட்டொன்றைப் போட்டு, சப்வூஃபர் மிகுந்தால் அதன் கெயினைக் குறைக்க வேண்டும். ட்வீட்டர் குத்தினால் அதையும் குறைக்க வேண்டும். அளந்து கண்ட எண்ணிலிருந்து இறங்கலாம், ஏறலாகாது என்பதே இதில் விதி. இறுதியில் ஒவ்வொரு திருகின் நிலையையும், கணக்கிட்ட வோல்ட்டையும், ஸ்டீரியோவின் உச்ச எண்ணையும் ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டு பெட்டியில் போட்டுவைப்பது நன்று. ஸ்டீரியோவையோ ஸ்பீக்கரையோ மாற்றும் நாளில் இவ்வளவையும் மறுபடி முதலிலிருந்து செய்தாக வேண்டும். அதுவரையில், ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் முன்னாலிருக்கும் ஸ்டீரியோவே போதுமானது, திருப்புளிக்கு அங்கே வேலை இல்லை.