வண்டியேறிப் போன பள்ளிக்கூடம்

பசளை வாங்கக் காசில்லை. உழுகிற காணியும் சொந்தமில்லை. இப்படியானவர்கள் மண்ணை வளப்படுத்துவது எப்படி? இக்கேள்வியோடு வாழ்நாளைக் கழித்த விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் ஜோர்ஜ் வோஷிங்டன் காவர்.

அமெரிக்காவில் அடிமைத் தாயின் பிள்ளையாகப் பிறந்தவர். ஐயோவாவில் விவசாயம் கற்ற நாட்களில் கல்லூரி விளையாட்டு வீரர்களின் கைகால்களைப் பிடித்துவிட்டுப் பயிற்சிக்கு உதவியவரும் இவரே. 1896 முதல் 1943இல் இறக்கும்வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கற்பித்தார்.

அங்கே கறுப்பின விவசாயிகளிற் பலர் பிறர் காணியில் வாரத்துக்கோ குத்தகைக்கோ பயிரிட்டவர்கள். ஆண்டுதோறும் பருத்தியையே போட்டதால் நிலம் சாரமிழந்திருந்தது. காட்டில் உதிரும் இலைகளையும் சதுப்புநிலச் சேற்றையும் அள்ளிவந்து உக்கவைத்துப் போடச் சொன்னார் காவர். பருத்திக்குப் பின் கௌபி, கச்சான் போடச் சொன்னார். இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்குப் பிடித்துக் கொடுக்கின்றன. அறுவடைக்குப் பின் கொடியை மண்ணுக்குள் புதைக்கவேண்டும். எரித்தால் அந்த நைதரசனிற் பெரும்பகுதி புகையோடு போய்விடும். காணியை விட்டு எழும்ப நேர்ந்தாலும் பாடு முழுவதும் வீணல்ல, அந்தப் போகத்திலேயே வீட்டுப் பானைக்குத் தானியம் கிடைத்துவிடும்.

கச்சான் வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் இவர் என்பார்கள், அது சரியல்ல. கச்சானை வளர்க்கும் விதத்தையும் 105 வகைப் பக்குவங்களையும் 1916இல் ஒரு சிறு நூலில் எழுதிக் கொடுத்தார்.

பள்ளிக்கு வர முடியாதவர்களுக்காக ஒரு வண்டியையும் திட்டமிட்டார். 1906இல் அது கலப்பையும் விதையும் ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் புறப்பட்டது. பாடம் வயலோரத்திலேயே நடந்தது.