டிஜே மென்பொருளின் திரை: பயனரே மாற்றிக்கொள்ளும் வடிவமைப்பு

டிஜே மென்பொருளின் வேலை, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாடல்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாளம் பிசகாமல் மாற உதவுவது. ஒரு பாட்டைக் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே டிஜே அடுத்த பாட்டை ஹெட்ஃபோனில் கேட்கிறார்; அதன் வேகத்தை முதல் பாட்டோடு ஒத்துவரச் செய்கிறார்; சரியான இடம் வந்ததும் உள்ளே கொண்டுவருகிறார். இத்தனையும் நடப்பது அரையிருட்டில், பெருஞ்சத்தத்துக்கு நடுவே. கடிதம் தட்டச்சு செய்கிறவர் பிழையை நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம். டிஜேயின் விரல் தவறான பொத்தானில் பட்டால் அரங்கம் முழுக்க அது கேட்டுவிடும். அதனால்தான் இந்த மென்பொருளில் திரை வடிவமைப்புக்கு ஒலித்தரத்துக்கு நிகரான முக்கியத்துவம் உண்டு.

அந்தத் திரை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவும் முடியாது. ஸ்கிராட்ச் செய்கிறவருக்குச் சுழலும் இசைத்தட்டின் நிலை தெரிய வேண்டும். மணிக்கணக்கில் ஹவுஸ் இசையைக் கோர்த்துக்கொண்டே போகிறவருக்கு நான்கு டெக்குகளும் (டெக் என்பது ஒரு பாட்டை ஓட்டும் பகுதி) லூப் பொத்தான்களும் தேவை. திருமண வரவேற்பில் விருந்தினர் கேட்கும் பாட்டை உடனே தேடியெடுக்க வேண்டியவருக்குப் பாடல் பட்டியல்தான் முக்கியம். இவ்வளவையும் ஒரே திரையில் திணித்தால் எதுவும் கண்ணில் படாது. பயனரே தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் திரை என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

மேசையிலிருந்து திரைக்கு

டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்எல்-1200 இசைத்தட்டுச் சுழலி 1972இல் வந்தது. 1979இல் வெளியான அதன் எம்கே2 வடிவத்தில் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ உதவும் நீண்ட ஸ்லைடர் இடம்பெற்றது. இடப்பக்கம் ஒரு சுழலி, வலப்பக்கம் ஒரு சுழலி, நடுவே மிக்சர் என்ற மேசை ஒழுங்கு டிஜேக்களின் கைகளில் ஊறிப்போனது. பின்னர் வந்த மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த மேசையையே திரையில் வரைந்தன. இடத்திலும் வலத்திலும் டெக்குகள், நடுவில் மிக்சர், கீழே பாடல் பட்டியல் என்பதே இன்றும் பரவலான அமைப்பு.

இசைத்தட்டிலிருந்து கணினிக்கு வந்தவர்களுக்கு இது வசதியாக இருந்தது. ஆனால் மேசையில் எளிதாக இருப்பதெல்லாம் திரையிலும் எளிதாக இருந்துவிடாது. உண்மையான குமிழை இரு விரல்களால் திருகலாம்; மவுஸைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றுவது சிரமம். அதனால் திரையில் குமிழ் வட்டமாகத் தெரிந்தாலும், மவுஸை மேலும் கீழும் இழுத்தால் அது திரும்பும்படி பல மென்பொருள்கள் வைத்திருக்கின்றன.

திரையை மாற்றிக்கொள்ளும் வசதியை விளக்க நல்ல உதாரணம் ‘மிக்ஸ்’. ஆங்கிலத்தில் மூன்று எக்ஸ் எழுத்துகளோடு முடியும் பெயர் இது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த டூ ஹாஸ்டெ ஆண்டர்சன் 2001இல் இதைத் தொடங்கினார். டிஜேக்களுக்குப் புதுவகை இடைமுகங்களைச் சோதித்துப் பார்ப்பதே தொடக்க நோக்கம். சி++ மொழியிலும் கியூட்டி என்ற நிரல் தொகுப்பிலும் எழுதப்பட்ட இந்த மென்பொருள், ஜிபிஎல் உரிமத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் உள்ளமைப்பை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம்.

ஒரே பார்வையில் தெரிய வேண்டியவை

திரையை வரையத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: டிஜே திரையை ஏறிட்டுப் பார்க்கும் அரை நொடியில் அவருக்கு எவை தெரிந்தாக வேண்டும்? எந்த டெக் கூட்டத்துக்குக் கேட்கிறது, பாட்டு முடிய எவ்வளவு நேரம் இருக்கிறது, இரு பாடல்களின் வேகம் என்ன, அடுத்த தாள அடி எங்கே விழப்போகிறது, ஒலி அளவு மீறுகிறதா ஆகியவை முதல் வரிசை. பாடலின் ஆல்பம், வெளியான ஆண்டு, கோப்பின் வகை போன்றவை அதற்குப் பின்தான். முதல் வரிசைத் தகவல்களுக்குப் பெரிய எழுத்தும் அழுத்தமான நிறமும் தர வேண்டும். மற்றவை மங்கலாகவோ மறைவாகவோ இருக்கலாம்.

இவற்றில் அதிகம் உழைப்பது அலைவடிவம். பாட்டின் ஒலி ஏற்ற இறக்கத்தைப் படமாகக் காட்டும் இந்தப் பட்டை, நடுவிலுள்ள கோட்டைக் கடந்து ஓடிக்கொண்டே இருக்கும். தாழ்ந்த ஒலிக்கு ஒரு நிறம், இடைநிலைக்கு ஒன்று, உயர்ந்த ஒலிக்கு ஒன்று எனப் பிரித்துக் காட்டினால், டிரம் அடி எங்கே, பாடகர் குரல் தொடங்குவது எங்கே என்பது காதுக்கு எட்டும் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரண்டு பாடல்களின் அலைவடிவங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் தாள அடிகள் நேராக அமைகின்றனவா என்பதும் புலப்படும். சிலருக்கு இது பெரிய உதவி. காதை மட்டுமே நம்பிப் பழகியவருக்கோ இது கவனத்தைச் சிதறடிப்பது. ஆகவே அலைவடிவத்தின் உயரம், நெருக்கம், நிறம் ஆகியவற்றையும், அது தெரிய வேண்டுமா என்பதையும் பயனரின் விருப்பத்துக்கு விடுவதே முறை.

நிறத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமாக இருக்கிறார்கள். வண்ண விளக்குகள் சுழலும் மேடையில் நல்ல கண்ணுக்கே நிறம் மாறித் தெரியும். ஒரு பொத்தான் இயங்குகிறதா என்பதை நிறத்தோடு வடிவத்தாலும் வெளிச்ச வேறுபாட்டாலும் காட்டும் திரையே எங்கும் கைகொடுக்கும்.

கட்டுப்பாடு வேறு, முகம் வேறு

மாற்றியமைக்கும் வசதிக்கு அடித்தளமான விதி ஒன்று உண்டு. மென்பொருள் செய்யும் செயலும், அதைத் திரையில் காட்டும் உருவமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ‘பிளே’ என்ற செயல் பொத்தானுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால், பொத்தானை நீக்கும்போது செயலும் போய்விடும். அதைக் கீபோர்டிலிருந்தோ வெளிக்கருவியிலிருந்தோ இயக்கவும் வழியிருக்காது.

மிக்ஸ் மென்பொருளில் ஒவ்வொரு செயலுக்கும் நிலைக்கும் தனியே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அதன் பெயர் இரு பகுதிகள் கொண்டது: எந்தக் குழு, எந்தச் செயல். ‘முதல் சேனல் – பிளே’ என்பது ஒன்று; சேனல் என்பது இங்கே டெக்கைக் குறிக்கிறது. ‘இரண்டாம் சேனல் – ஒலி அளவு’ என்பது இன்னொன்று. ஒவ்வொன்றும் ஓர் எண் மதிப்பைத் தாங்கியிருக்கும். திரையிலுள்ள பொத்தான் அந்த மதிப்பை மாற்றும். மதிப்பு வேறு வழியில் மாறினால் பொத்தானும் தன் தோற்றத்தை மாற்றிக்கொள்ளும். ஒலி இயந்திரத்துக்கு அந்த மதிப்பு மட்டும்தான் தெரியும். அதை மாற்றியது மவுஸா, கீபோர்டா, வெளிக்கருவியா என்பது அதற்குத் தேவையில்லை.

இந்தப் பிரிவினையால் ஒரே கட்டுப்பாட்டுக்குத் திரையில் இரண்டு முகங்கள் வைக்கலாம். ஒரு முகமும் இல்லாமலும் விடலாம். ஆனால் வடிவமைப்பாளர்மீது ஒரு பொறுப்பும் ஏறுகிறது. கட்டுப்பாடுகளின் பெயர்கள் ஓர் ஒப்பந்தம் போன்றவை. புதிய பதிப்பில் ஒரு பெயரை மாற்றினால், பழைய பெயரை நம்பி மற்றவர்கள் எழுதிய திரைகளெல்லாம் பழுதாகும். எனவே பெயர் மாறினாலும் பழைய பெயரையும் சில காலம் செயல்பட விடுவது வழக்கம்.

ஸ்கின் எழுதும் முறை

திரையின் முழுத் தோற்றத்தையும் அடக்கிய கோப்புத் தொகுப்புக்கு ஸ்கின் என்று பெயர். மிக்ஸ் மென்பொருளில் அது ஒரு சாதாரண கோப்புறை. எந்தப் பகுதி எங்கே இருக்கும், எந்தப் பொத்தான் எந்தக் கட்டுப்பாட்டோடு இணையும் என்பதை எக்ஸ்எம்எல் கோப்புகள் சொல்கின்றன. நிறம், எழுத்துரு, ஓரக்கோடு ஆகியவற்றைக் கியூஎஸ்எஸ் என்ற பாணிக்கோப்பு கவனிக்கிறது. பொத்தான் படங்கள் பெரும்பாலும் எஸ்விஜி வகையில் இருப்பதால், பெரிதாக்கினாலும் விளிம்பு கலங்காது. மென்பொருளை மறுபடி தொகுக்காமல், ஒரு டெக்ஸ்ட் எடிட்டரை மட்டும் வைத்துக்கொண்டு புதிய திரை ஒன்றை உருவாக்கிவிடலாம்.

நான்கு டெக்குகளுக்கும் ஒரே வடிவத்தை நான்கு முறை எழுதத் தேவையில்லை. டெக்கை ஒரு வார்ப்பாக ஒருமுறை எழுதி, ‘இது முதல் சேனல்’, ‘இது இரண்டாம் சேனல்’ என்று மாறியை மட்டும் கொடுத்து அழைக்கலாம். ஒரு பகுதி தெரிவதும் மறைவதும்கூட ஒரு கட்டுப்பாட்டோடு இணைக்கப்படுகிறது. ஆகவே எஃபெக்ட் பகுதியைத் திறப்பதும் மூடுவதும் ஒரே பொத்தானின் வேலையாகிவிடுகிறது.

பழைய ஸ்கின்களில் ஒவ்வொரு உறுப்பின் இடமும் பிக்சல் கணக்கில் நிலையாகக் குறிக்கப்பட்டிருந்தது. திரை அளவு மாறினால் வேறு ஸ்கின் தேவைப்பட்டது. 2015 டிசம்பர் 31 அன்று வெளியான 2.0 பதிப்பு, சாளரத்தின் அளவுக்கேற்ப விரிந்து சுருங்கும் ஸ்கின்களைக் கொண்டுவந்தது. இதில் ஒவ்வொரு உறுப்புக்கும் குறைந்தபட்ச அளவும், இடம் மிஞ்சினால் எப்படி விரிய வேண்டும் என்ற விதியும் கொடுக்கப்படுகின்றன. பொத்தான்கள் தம் அளவிலேயே நிற்க வேண்டும்; அலைவடிவமும் பாடல் பட்டியலும் மீதியிடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் வரிசையின் உயரமும் எழுத்தளவும் மாற்றக்கூடியவையாக இருப்பது நல்லது. மேலும் கீழும் குறிகள் நீளும் தமிழ் போன்ற எழுத்துகளில் பாடல் பெயர் இருந்தால், குறுகிய வரிசையில் அக்குறிகள் வெட்டுப்பட்டுவிடும்.

மற்ற மென்பொருள்கள் வேறு அளவில் சுதந்திரம் தருகின்றன. விர்ச்சுவல் டிஜே மென்பொருளிலும் ஸ்கின்னை முழுதாக எழுதலாம்; அதற்கென உள்ள சிறு கட்டளை மொழியால் ஒரே பொத்தானில் பல செயல்களைக் கோர்க்கலாம். செராட்டோ சில ஆயத்த அமைப்புகளைக் கொடுத்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. டிராக்டர் எந்தப் பகுதிகள் தெரிய வேண்டும் என்பதைத் தேர்ந்து, அந்த அமைப்புகளைச் சேமித்துவைக்க விடுகிறது.

வெளிக்கருவியும் திரையும்

பெரும்பாலான டிஜேக்கள் மேடையில் மவுஸைத் தொடுவதில்லை. சுழலும் தட்டுகளும் ஸ்லைடர்களும் கொண்ட கன்ட்ரோலர் ஒன்றைக் கணினியோடு இணைத்துக்கொள்கிறார்கள். அதன் எந்தக் குமிழ் எந்தக் கட்டுப்பாட்டை இயக்கும் என்பதைக் குறிக்கும் கோப்புக்கு மேப்பிங் என்று பெயர். மிக்ஸ் மென்பொருளில் எளிய இணைப்புகள் எக்ஸ்எம்எல் கோப்பிலும், சிக்கலானவை ஜாவாஸ்கிரிப்டிலும் எழுதப்படுகின்றன.

இங்கே இரண்டு நுட்பமான சிக்கல்கள் எழுகின்றன. கன்ட்ரோலர்கள் கணினிக்குச் செய்தி அனுப்பும் முறைகளில் ஒன்று மிடி; சாதாரண மிடி செய்தி 0 முதல் 127 வரை 128 படிகளை மட்டுமே காட்டும். மேலும் கீழும் 8 சதவீதம் நகரும் வேக ஸ்லைடரை இதில் அடக்கினால் ஒரு படிக்குச் சுமார் 0.125 சதவீதம் வரும். நீண்ட நேரம் இரு பாடல்களைச் சேர்த்து ஓட்ட இந்த நுணுக்கம் போதாது. அதனால் தரமான கருவிகள் இரண்டு செய்திகளைச் சேர்த்து 16,384 படிகள் தருகின்றன.

இன்னொன்று, திரையும் கையும் முரண்படுவது. மவுஸால் ஒலியைக் குறைத்த பிறகும் கருவியின் ஸ்லைடர் பழைய இடத்திலேயே நிற்கும். அதைத் தொட்டவுடன் ஒலி சட்டென்று தாவினால் கேட்பவர் திடுக்கிடுவார். கையிலுள்ள ஸ்லைடர் திரையிலுள்ள மதிப்பை வந்து சேரும்வரை அதன் அசைவைப் பொருட்படுத்தாமல் இருப்பதே இதற்கான தீர்வு.

ஒலிக்கே முதலிடம்

எவ்வளவு அழகான திரையானாலும் அதை வரைவதற்காக ஒலி ஒரு கணமும் காத்திருக்கக் கூடாது. நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட ஒலியை 1,024 மாதிரிகள் கொண்ட கட்டுகளாக அனுப்பினால், ஒவ்வொரு கட்டும் சுமார் 23 மில்லிநொடிக்குள் தயாராக வேண்டும். கட்டு சிறிதானால் கை அசைவுக்கு ஒலி விரைவில் பதில் தரும். கெடுவும் அதற்கேற்பக் குறுகும். கெடு தவறினால் ‘டப்’ என்ற வெடிப்பொலி கேட்கும். எனவே ஒலியும் திரையும் தனித்தனி இழைகளில் இயங்குகின்றன. கணினி திணறும்போது அலைவடிவம் சற்றுத் தடுமாறலாம். பாட்டு தடுமாறக் கூடாது. நொடிக்கு எத்தனை முறை திரை வரையப்பட வேண்டும் என்பதையும் பயனர் மாற்ற முடிவது, பழைய கணினி வைத்திருப்பவர்களுக்குப் பெரிய உதவி.

சுதந்திரத்துக்கு எல்லை

அஞ்சறைப்பெட்டியில் கடுகு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே எடுக்கும் கை போன்றது டிஜேயின் கை. இடம் பழகிய பிறகு அது மாறக் கூடாது. ஆகவே மாற்றங்கள் செய்யும் நிலையும் நிகழ்ச்சி நடத்தும் நிலையும் பிரிந்திருக்க வேண்டும். பகுதிகளை இழுத்து நகர்த்தும் வசதி நிகழ்ச்சியின்போதும் திறந்திருந்தால், தவறுதலான ஓர் அசைவு பழகிய ஒழுங்கையே கலைத்துவிடும்.

விபத்தைத் தடுக்கும் ஏற்பாடுகளும் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டெக்கில் வேறு பாட்டை ஏற்ற முடியாதபடி தடுக்கும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. ‘உறுதியாகச் செய்யவா?’ என்று கேட்கும் சாளரம் இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது. அதைப் படிக்கும் நேரத்தில் பாட்டு முடிந்துவிடும். ஆபத்தான பொத்தான்களை அடிக்கடி தொடும் பொத்தான்களிலிருந்து விலக்கி வைப்பதே சிறந்த காப்பு. ஓர் இலக்கை அடையும் நேரம் அதன் தூரத்தையும் அளவையும் பொறுத்தது என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் காட்டினார். அடிக்கடி தேவைப்படுவது பெரிதாகவும் அருகிலும் இருக்க வேண்டும் என்ற விதிக்கு அதுவே அடிப்படை.

எல்லா வசதிகளும் இருந்தாலும், தொடக்கத்தில் கிடைக்கும் திரையை மாற்றாமலே பயன்படுத்துகிறவர்கள் உண்டு. சிலர் தேவையற்ற பகுதிகளை மறைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஸ்கின்னையே புதிதாக எழுதுகிறவர்கள் மிகச் சிலர். இந்த மூன்று வகையினருக்கும் படிப்படியான வழி இருக்க வேண்டும்: நன்றாகச் சிந்தித்து அமைத்த இயல்புத் திரை, எளிதில் எட்டும் அமைப்புப் பட்டியல், தெளிவாக எழுதப்பட்ட கோப்பு விதிகள். எது மாறினாலும் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு பொத்தானும், அமைப்பை நகலெடுத்து வேறு கணினிக்குக் கொண்டுபோகும் வழியும் கட்டாயம் தேவை.

வீட்டில் சோதித்துப் பார்த்து மட்டும் ஒரு திரையை முடிவு செய்யக் கூடாது. விளக்கை அணைத்து, திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, இரண்டடி தள்ளி நின்று, ஹெட்ஃபோனோடு ஒரு மணி நேரம் பாடல்களைக் கோர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் டிஜேயின் கண் எதையும் தேடி அலையவில்லை என்றால், அதுவே நல்ல திரை.