வெயிலிலும் பிசகாத அளவுகோல்



தாடிக்கொம்பின் சித்திரை வெயிலில் நிற்கும் மருத்துவ வண்டிக்குள் மின்னணு வெப்பமானியும் சூடேறும். அதனுள் இருக்கும் ‘வோல்டேஜ் ரெகுலேட்டர்’ என்னும் மின்னழுத்தச் சீராக்கியை அளவுகோலாகக் கொண்டு அது அளக்குமானால், நூற்றுக்கு ஒன்று பிசகினாலே 38 டிகிரிக் காய்ச்சல் ஏறத்தாழ 0.4 டிகிரி மாறித் தெரியும். காய்ச்சலுள்ள குழந்தை வீடு திரும்பிவிடக்கூடும்.

1971-இல் ராபர்ட் விட்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் வழி காட்டினார்: சூட்டில் குறையும் மின்னழுத்தத்தோடு சூட்டில் கூடுவதைச் சேர்த்தால், மொத்தம் அநேகமாய் மாறாது.

ஆகவே 25 டிகிரியில் குறித்த துல்லியத்தோடு நின்றுவிடாமல், டிகிரிக்கு எவ்வளவு மாறும் என்றும் பார்க்கிறோம். டிகிரிக்குப் பத்து இலட்சத்தில் 300 பங்கு மாறினால், 55 டிகிரியில் பிசகு 0.9 சதவீதம், 30 பங்கானால் 0.09 மட்டுமே. விலை சற்றுக் கூடினாலும் பின்னதே நமக்கு ஏற்றது.