போஸ்டிங் மாறும்போது பொருள் உடைந்தால்... ராணுவக் குடும்பங்கள் மறக்கக் கூடாத 180 நாள் கணக்கு!

கணவருக்கு எல்லையில் ஃபீல்டு போஸ்டிங். குடும்பத்தை அங்கே அழைத்துப்போக முடியாது. பதான்கோட் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து லாரியில் ஏற்றிய சாமான்கள் ஊருக்கு வந்து இறங்குகின்றன. ஃப்ரிட்ஜ் கதவு நசுங்கியிருக்கிறது, டி.வி திரையில் விரிசல். டிரைவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட, மனைவி மட்டும் தனியாக நிற்கிறார். பல ராணுவக் குடும்பங்களுக்கு இது பழகிய காட்சி.

இடமாற்றத்துக்கான லாரி வாடகையை விதிப்படி அரசிடம் பெற்றுக்கொள்ளலாம். உடைந்த பொருளுக்கான நஷ்டஈட்டை, ஏற்றிவந்த நிறுவனத்திடம் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அதற்கான வேலை லாரி கிளம்பும் முன்பே தொடங்குகிறது.

மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள்!

சாலைவழி சரக்குப் போக்குவரத்துக்கான 2007-ம் ஆண்டு சட்டமும் அதன் விதிகளும் நஷ்டஈட்டுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. கூடுதல் கட்டணம் செலுத்தி தனியாக ஒப்பந்தம் போடாதவரை, கட்டணத்தைப்போல 10 மடங்குதான் உச்சம். அதுவும் புக்கிங் படிவத்தில் நாம் எழுதிய மதிப்பைத் தாண்டாது. கட்டணம் 40,000 ரூபாய் என்றால் வரம்பு 4 லட்சம். ஆனால், இன்ஷூரன்ஸ் செலவு குறையட்டுமே என்று சாமான்களின் மதிப்பை 50,000 என்று எழுதியிருந்தால், கிடைப்பது அதற்குள்தான். இன்ஷூரன்ஸுக்குப் பணம் வாங்கினால், பாலிசி நகலையும் கேட்டு வாங்குங்கள்.

பிரித்துப் பார்த்த பிறகே கையெழுத்து!

'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். உடைந்தவற்றை அந்தத் தாளிலேயே எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நாள் எண்ணுவது எப்போதிலிருந்து?

வழக்குத் தொடுக்கும் முன், சேதம் பற்றி நிறுவனத்துக்கு எழுத்துபூர்வமாக நோட்டீஸ் தர வேண்டும். அதற்கான அவகாசம் 180 நாள்கள். பொருள் வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல, புக் செய்த நாளிலிருந்தே இது ஓடத் தொடங்கிவிடும். குவார்ட்டர்ஸ் கிடைக்கட்டும் என்று பெட்டிகளை மாதக்கணக்கில் பிரிக்காமல் வைக்கும் குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான்.

டிரைவரின் அலட்சியத்தை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. பில்லில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சடித்திருப்பதைக் காட்டி மட்டும் நிறுவனம் தப்பிக்க முடியாது என்று 2000-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நிறுவனம் கைவிரித்தால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நாம் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. லாரி கிளம்பிய ஊருக்கு அலைய வேண்டாம், இப்போது வசிக்கும் மாவட்டமே போதும். ஆலோசனைக்கு தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915.

அடுத்த போஸ்டிங் ஆர்டர் வந்ததும், பெட்டி கட்டும் முன் ஒவ்வொரு பொருளையும் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.