கதிர்காமப் பாதயாத்திரையும் வழியூர்களும்

ஒரு திருக்கோயிலின் பெருமையை மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றாக வகுத்துரைப்பது நம் சைவ மரபு. இம்மூன்றினுள் வழிக்கு இடமில்லை. கதிர்காமத்தைப் பொறுத்தவரை இது பெருங்குறை என்றே யான் கருதுகின்றேன். அங்கே மூர்த்தி திரைக்குப் பின்னால் உள்ளது. தலம் காட்டின் நடுவே உள்ளது. தீர்த்தமாகிய மாணிக்க கங்கை கோடையில் முழங்காலளவே ஓடும். ஆயினும் வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை மாதம் நடந்து கடக்கும் அடியாரைக் கேட்பின், அவர் முதலிற் சொல்வது வழியைப் பற்றியே. எந்த ஊரில் எவர் வீட்டுக் கஞ்சி, எந்தக் கோயில் மண்டபத்தில் இரவு, எந்த மருதமர நிழலில் நண்பகல் என அவர் நினைவு விரியும். அவ்வழி மண்ணிற் கிடப்பதொன்றன்று, வழியூராரின் அடுப்பங்கரைகளில் வாழ்வதொன்று என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழியைச் சுருங்கச் சொல்லலாம். சந்நிதியிற் புறப்படும் கூட்டம் முல்லைத்தீவையும் வற்றாப்பளை அம்மன் ஆலயத்தையும் கண்டு, புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி வழியாகத் திருகோணமலையை அடையும். கோணேசர் திருமுன் வணங்கிய பின் கொட்டியாபுரக் குடாவைச் சுற்றிக் கிண்ணியா, மூதூர், வெருகல். அப்பால் கதிரவெளி, வாகரை, சித்தாண்டி, மாமாங்கம், திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை. உகந்தை மலையடிவாரத்தில் ஊர் முடிந்து காடு தொடங்கும். குமணக் காட்டிற் புகுந்து, கும்புக்கன் ஆற்றைக் கடந்து, வியாழை, கட்டகாமம் என்னும் தங்குமிடங்களைத் தாண்டினால் கதிர்காமம். ஆடிவேல் விழாவின் கொடியேற்றத்துக்கு முன் அங்கே சென்று சேர்வது மரபு. வழியிலுள்ள முருகன் தலங்கள் பல கதிர்காமத்தின் சாயலைத் தாமும் கொண்டவை. சந்நிதியிலும், மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள மண்டூரிலும் பூசகர் வாயை வெண்டுணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசை செய்வர். மண்டூரைச் சின்னக் கதிர்காமம் என்றே மக்கள் வழங்குவர்.

வழியைச் சொல்வதென்பது வழியிற் கிடைக்கும் விருந்தைச் சொல்வதே என்னும் கருத்துத் தமிழுக்குப் புதிதன்று. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே அதுதான். ஆறு என்பது வழி. பரிசில் பெற்று மீளும் பாணன் எதிர்ப்பட்ட வறிய பாணனுக்கு வழிகாட்டுங்கால், இத்தனை காவதம் என்று அளந்து கூறுவதில்லை. நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்தார் சுட்ட மீன் தருவர், மருத நிலத்து உழவர் வெண்சோற்றோடு நண்டு தருவர் என்று உணவாலேயே வழி குறிக்கப்படுகின்றது. (புலால் நீத்து நடக்கும் நம் அடியார்க்கு இப்பகுதி உதவாது என்பது வேறு.) மலைபடுகடாமோ வழியின் இடர்களையும் எச்சரித்துச் சொல்லும். நக்கீரரின் திருமுருகாற்றுப்படை இம்மரபையே முருகன்பால் திருப்பிவிட்டது. கதிர்காமத்துக்கு நடப்போரிடையே இன்றும் வாய்மொழியாக வழங்குவது எழுதப்படாத ஓர் ஆற்றுப்படையே எனலாம்.

கதிர்காமத்தின் புகழ் பழையது. பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் கதிர்காமத்தையும் நம் திருகோணமலையையும் திருப்புகழிற் பாடியுள்ளார். 1660ஆம் ஆண்டு மூதூரை அடுத்த கொட்டியாரத்திற் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தாம் தப்பிச் சென்றபின் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலிற் கதிர்காமக் கடவுளையும், மக்கள் அக்கடவுளிடம் கொண்ட அச்சத்தையும் குறித்துள்ளார். அவர் பிடிபட்ட நிலத்தின் ஊடாகவே யாத்திரிகர் இன்றும் நடக்கின்றனர் என்பது நினைக்கத்தக்கது. ஆங்கிலேய ஆட்சி யாத்திரையை நோய்ப்பயத்தோடு நோக்கியது. கூட்டத்தோடு வாந்திபேதியும் பரவும் என அஞ்சிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கட்டுப்பாடுகள் பல விதிக்கப்பட்டன. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ப் விழாக் காலத்துக் கண்காணிப்புக் கடமையையும் ஏற்றிருந்தார். 1913இல் அவர் வெளியிட்ட நாவலில் இத்தகைய காட்டு யாத்திரையொன்று இடம்பெறுகின்றது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முருக வழிபாட்டையும் கதிர்காமத்தையும் ஆராய்ந்தெழுதிய ஆங்கிலக் கட்டுரை 1924இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையுடைய ஏட்டில் வெளிவந்தது. இவ்வாசிரியர்களிடம் தலத்தைப் பற்றிய செய்தி நிரம்ப உண்டு. வழியில் அடுப்பு மூட்டிய பெண்களைப் பற்றி அறிய வேண்டின் நாம் வேறிடம் தேடவேண்டும்.

அவ்வேறிடம் எது என்பதை யான் நூலகத்தில் அறிந்தேனல்லேன். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டிலே அறிந்தேன். ஆனி மாதத்திற் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் என் அம்மம்மா பெரிய பித்தளைப் பானையைப் புளியிட்டு மினுக்கி வைப்பார். யாத்திரிகர் கோணேசர் கோயிலில் தங்கும் நாளையறிந்து, பயறும் அரிசியும் இட்ட கஞ்சியைச் சுமந்து செல்வார். எத்தனை பேர் வந்தனர் என்று எவரும் எண்ணுவதில்லை. உண்பவர் பெயரையும் கேட்பதில்லை. வேலேந்தி முன்செல்பவர் முதல் பின்னால் வரும் சிறுவன் வரை யாவரும் "சாமி" தான். ஒருமுறை யான், "இவர்களுக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டேன். "என்னால் நடக்க ஏலாது, அதுதான்" என்றார். பட்டம் பெறுவதற்காக யான் தனியாகப் படித்த நூல்களில் இத்துணைச் சுருக்கமான விளக்கத்தைக் கண்டதில்லை.

சில ஆண்டுகளின் முன் நான்கு நாள் விடுப்புப் பெற்று அக்கூட்டத்தோடு வெருகல் வரை நடந்தேன். முழுத்தூரம் நடந்தார்க்கு இது நகைப்பாயிருக்கும். ஆனால் ஒழுங்கை அறிய நான்கு நாள் போதும். விடியுமுன் மூன்று மணியளவில் எழுந்து, வேலுக்குத் தீபங்காட்டி, "அரோகரா" ஒலியோடு புறப்படுவர். தார்வீதி சூடேறுமுன் ஒன்பது பத்து மணிக்குள் ஒரு கோயிலையோ மடத்தையோ அடைந்துவிட வேண்டும். பிற்பகல் வெயில் தணிந்த பின் மீண்டும் நடை. கையிற் பணம் வைத்திருப்போர் சிலர். பலர் ஒரு மூட்டையும் பாயும் செம்பும் மட்டுமே கொண்டவர். கேட்பதற்கு முன்னரே மோர் வந்துவிடும். கிண்ணியாவில் முதிய முஸ்லிம் ஒருவர் தம் கடை வாங்கைத் துடைத்து, "வாங்க சாமி, இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றழைத்தார். பாலம் இல்லாத காலத்திலே தம் வாப்பா தோணியில் யாத்திரிகரை ஏற்றிக் கூலி வாங்காமல் அக்கரை சேர்த்தார் என்றும் சொன்னார். 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளப் பாலத்தின்மேல் அன்று காலை யாம் சில நிமிடங்களில் நடந்து வந்திருந்தோம். தோணி போயிற்று, அந்த உரிமை அவர் மனத்தை விட்டுப் போகவில்லை.

இவ்விடத்திற் பிற நாட்டு வழியொன்றை ஒப்புநோக்குவது பயனுடைத்து. யாகப்பர் எனவும் சந்தியோகுமையோர் எனவும் ஈழத்துக் கத்தோலிக்கர் வணங்கும் திருத்தொண்டரின் கல்லறை எனக் கருதப்படும் தலம் ஸ்பெயினின் சந்தியாகோ. அதனை நோக்கிப் பிரான்சு நாட்டின் சிற்றூர்களினூடே நான்கு பெருவழிகள் செல்கின்றன. அவற்றுளொன்று லெ புயி நகரிற் புறப்பட்டு, கொங்க், முவாசாக் முதலிய ஊர்களைக் கண்டு, ஏறத்தாழ 750 கிலோமீற்றர் கடந்து பிரனீசு மலையடிவாரத்தை அடையும். அந்நகர ஆயர் கொதெஸ்கால் கி.பி. 950ஆம் ஆண்டளவில் அவ்வழியே யாத்திரை செய்தார். நடப்போர் சிப்பியைச் சின்னமாக அணிவர். தம் கையேட்டில் ஊர்தோறும் முத்திரை பெறுவர். மரத்திலும் கல்லிலும் வெள்ளையும் சிவப்புமாகத் தீட்டிய கோடுகள் திசை காட்டும். 1998இல் அந்நாட்டு வழிகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. இடையில் நடப்போர் அருகியிருந்த அவ்வழியை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அன்பர் சங்கங்களும் நடைபாதை அமைப்போரும் மீட்டனர். அங்கே பெரும்பாலும் விடுதிக்குப் பணம் கொடுத்தே தங்குவர். அதனைக் குறையென்று யான் கூறேன். கோடுகளும் முத்திரைகளும் இருப்பதால் ஊரார் மாறினும் வழி மாறாது நிற்கும். நம் வழியில் ஒரு கோடேனும் இல்லை. ஊரார் இல்லையெனின் வழியும் இல்லை.

இதனை ஈழத்துப் போர் மெய்ப்பித்தது. 1983இன் பின் யாத்திரை நின்றுபோயிற்று. முன்னரே இவ்வழி நடந்த அமெரிக்கரான பற்றிக் ஹரிகனும் அடியார் சிலரும் 1988இல் அதனைக் கிழக்கிலிருந்து மீளத் தொடக்கினர். நடந்தோர் சிறு கூட்டத்தினரே. யால கிழக்கு எனப்பட்ட குமணக் காடும் நெடுங்காலம் மூடிக் கிடந்தது. பின் 2004 மார்கழியில் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது. 2006இல் மாவிலாற்றுப் பூசலையடுத்து மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் மக்கள் பெயர்ந்தோடினர். அடுத்து வாகரையும் வெறுமையாயிற்று. வீதி அவ்விடத்திலேயே கிடந்தது. கோயிற் சுவர்களும் பல நின்றன. கஞ்சி காய்ச்சுவார் இலர். 2009இற் போர் முடிந்து மக்கள் படிப்படியாக மீண்ட பின்னரே சந்நிதி தொட்டு முழுவழியும் மீண்டும் உயிர்பெற்றது. வெருகலை நெருங்கும் ஊரொன்றில் எமக்குச் சோறிட்ட அம்மையார், மீள்குடியேறிய ஆண்டிற் கூரையில்லாத வீட்டு முற்றத்தில் மூன்று கல் வைத்து யாத்திரிகருக்குச் சமைத்ததாகச் சொன்னார். "சாமிமார் வந்த பிறகுதான் ஊருக்கு வந்த மாதிரி இருந்தது" என்பது அவர் வாக்கு. வழியை ஊர் காத்தது என்றே யான் எண்ணியிருந்தேன். ஊரையும் வழி காத்ததை அன்று கண்டேன்.

இன்று கேடு வேறு வடிவில் வருகின்றது. உகந்தையிற் காட்டுக் கதவம் திறக்கும் இரண்டு வாரமளவிற் பல்லாயிரவர் பேருந்திலும் வானிலும் அங்கே வந்திறங்கி, காட்டுவழியை மட்டும் நடந்து செல்கின்றனர். நீர்த்தாங்கி வண்டிகளும் அன்னதானப் பந்தல்களும் அவர்களைக் காக்கின்றன. யானையும் கரடியும் உலவும் காட்டிற் பிளாத்திக்குப் போத்தல்கள் எஞ்சுகின்றன. அவர் பக்தியை ஐயுறுவதற்கு யான் யார்? நான்கு நாளே நடந்தவன். ஆனால் முல்லைத்தீவிலிருந்து பொத்துவில் வரையுள்ள நெடுவழியில் நடப்போர் சில நூற்றுவரே. அவர்க்கும் பின்னால் உணவேற்றிய வாகனம் வருமாயின் வீட்டுக்காரிக்குப் பானை மினுக்கும் வேலை இல்லாது போகும். ஒரு தலைமுறை அவ்வாறு கழிந்தால், எவர் வீட்டில் எந்நாள் தங்குவது என்னும் அறிவு மறையும். மீண்டும் ஓர் இடர் வருமாயின் மீட்டுக்கொள்வதற்கு யாதும் இராது.

ஆகவே இக்கல்லூரி மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர் வழியிலுள்ளதாயின், மூதாட்டியர் ஒருவரிடம் அமர்ந்து, யாத்திரிகர் எங்கே தங்கினர், என்ன உண்டனர், எவ்வாண்டுகளில் வரவில்லை, முதலில் மீண்டும் வந்தபோது எத்தனை பேர் என்பவற்றைக் கேட்டெழுதுங்கள். நிலாவெளியிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதினால் போதும். பழைய மாணவர் தம்மிடமுள்ள நிழற்படங்களைப் படியெடுக்கத் தரலாம். முஸ்லிம் ஊர்களிலும் கேட்க மறவாதீர்கள். கதிர்காமத்தின் வளவிலேயே பள்ளிவாசலும் உள்ளது என்பது நீங்கள் அறிந்ததே.

நான்காம் நாள் மாலை வெருகலாற்றில் நீராடிச் சித்திரவேலாயுதரை வணங்கினோம். இரவு மண்டபத்திற் படுத்தபோது என் இடக்குதியிற் கொப்புளம் உடைந்திருந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், சந்நிதியிலிருந்தே நடந்து வருபவர், வேப்பெண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டார். மறுநாள் மூன்று மணிக்கு அவர்கள் எழுந்து வேலை முன்விட்டுக் கதிரவெளிப் பக்கம் நடந்தனர். "அரோகரா" ஒலி தேய்ந்து மறையும்வரை யான் படியில் நின்றேன். பின்னர் முதற் பேருந்தேறித் திருகோணமலைக்குத் திரும்பினேன். திருத்தப்படாத விடைத்தாள்கள் மேசைமேற் கிடந்தன. குசினியிற் பித்தளைப் பானை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.