சனியின் வளையத்துக்குள் போகாமலே அதன் அடர்த்தியை அளப்பது எப்படி?

இரவுப் பேருந்தில் போகிறீர்கள். தென்னந்தோப்புக்கு அப்பால் ஒரு விளக்கு. மரம் மறைத்தால் வெளிச்சம் போகும். இடைவெளி வந்தால் தெரியும். அந்தச் சிமிட்டலை வைத்தே மரங்கள் எங்கே நெருக்கம் என்று சொல்லிவிடலாம், இல்லையா?

1981 ஆகஸ்டில் வாயேஜர் 2 விண்கலம் செய்ததும் இதுதான். விளக்காக அமைந்தது விருச்சிகத்தின் டெல்டா விண்மீன். வளையங்களின் ஊடே வந்த அதன் ஒளியை விநாடிக்கு 100 முறை அளந்தது கருவி.

ஒளி மங்கினால் அங்கே பனிக்கட்டித் துண்டுகள் அதிகம். மங்காவிட்டால் வெற்றிடம். விண்கலம் நகர நகர, வளையத்தின் குறுக்குவெட்டு முழுவதும் பதிவானது. சுமார் 100 மீட்டர் அளவிலான நுணுக்கங்கள்கூடப் பிடிபட்டன!

ஆனால், ஒரு விண்மீன் ஒரே கோட்டைத்தானே காட்டும்? 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய காசினி விண்கலம், பல விண்மீன்களைப் பல கோணங்களில் கவனித்தது. ‘ஏ’ எனப்படும் வளையத்தில் துண்டுகள் ஈர்ப்பால் கொத்துக் கொத்தாகத் திரள்வது அப்படித்தான் தெளிவானது.