டக்காரைத் தொடாத டக்கார் பந்தயம்

ஜனவரி மாதம் பிறந்ததும் சவூதி அரேபியாவின் மணற்குன்றுகளில் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் பாரிய லொறிகளும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாயும் காட்சிகளைத் தொலைக்காட்சியில் காண்கின்றோம். இப்பந்தயத்தின் பெயர் டக்கார். டக்காரோ மேற்கு ஆபிரிக்காவில், அத்திலாந்திக் கரையில் அமைந்துள்ள செனகல் நாட்டின் தலைநகரம். 2007ஆம் ஆண்டுக்குப் பின்னர் இப்பந்தயம் அந்நகரை எட்டிப் பார்த்ததேயில்லை. பெயர் ஓரிடத்திலும் பந்தயம் வேறிடத்திலுமாக இருப்பது ஏன் என்று ஆராயப் புகுந்தால், வாகனங்களின் கதையைவிட அவை கடந்து சென்ற பாதையோரத்து மக்களின் கதையே பெரிதாக விரிகின்றது.

1977ஆம் ஆண்டு அபிஜான் - நீஸ் பந்தயத்தில் கலந்துகொண்ட தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் லிபியப் பாலைவனத்தில் வழிதவறி, சாவின் விளிம்பில் மீட்கப்பட்டார். பாலைவனத்தை வெறுத்திருக்க வேண்டிய அவர், அதன் மீது தீராத மோகங்கொண்டு நாடு திரும்பினார். அதன் விளைவாக, 1978 டிசெம்பர் 26ஆம் திகதி 182 வாகனங்கள் பாரிஸிலிருந்து புறப்பட்டன. அல்ஜீரியா, நைகர், மாலி முதலான நாடுகளினூடாகச் சுமார் 10,000 கிலோமீற்றர் பயணம். டக்காரை அடைந்தவை 74 மாத்திரமே. யமஹா மோட்டார் சைக்கிளில் வந்த சிரில் நெவே முதலிடம் பெற்றார். மற்றொரு மோட்டார் சைக்கிள் ஓட்டுநரான பற்றிக் டொடின், நைகரின் அகடெஸில் உயிரிழந்தார். முதல் ஆண்டே முதல் பலியையும் கண்டுவிட்டது.

இப்பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. போட்டியாளரின் முன்னால் இருப்பது தூரமும் திசையும் அபாயங்களும் குறியீடுகளாகப் பொறிக்கப்பட்ட வழிக்குறிப்பேடு ஒன்றே. வழிதவறாதவரே வெல்லுவார்.

ஐரோப்பிய இரசிகர்களின் கற்பனையில் சஹாரா ஆளரவமற்ற வெளியாக இருந்திருக்கலாம். உண்மை அதுவன்று. களிமண்ணால் எழுப்பப்பட்ட 27 மீற்றர் உயர மினாராவுடன் பல நூற்றாண்டுகளாக நிற்கும் பள்ளிவாசலைக் கொண்டது அகடெஸ். இஸ்லாமியக் கல்விக்கும் ஏட்டுச்சுவடிகளுக்கும் புகழ்பெற்றது திம்புக்டு. கிணற்றுக்குச் செல்லும் பெண்களும் ஆடு மேய்க்கும் சிறுவர்களும் நடக்கும் தடங்களே பந்தயப் பாதைகளாயின. 1986 ஜனவரி 14ஆம் திகதி மாலியில் ஹெலிகொப்டர் விழுந்து சபீனும் மேலும் நால்வரும் மாண்டனர். அவர்களில் ஒருவரான பாடகர் டானியல் பலவொய்ன், கிராமங்களுக்கு நீரிறைக்கும் இயந்திரங்களை வழங்கும் பணிக்காகவே அங்கு சென்றிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1988இல் அறுவர் பலியாகினர். அவர்களுள் மூவர் பந்தயத்துடன் எவ்விதத் தொடர்புமற்ற உள்ளூர்வாசிகள்: ஒரு தாய், அவரது மகள், வேறொரு சிறுமி. 2006இல் கினியிலும் செனகலிலும் அடுத்தடுத்த நாட்களில் இரு சிறுவர்கள் வாகனங்களில் மோதுண்டு இறந்தனர். வென்றவர்களின் பெயர்களை உலகம் அறியும். இச்சிறுவர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவர்?

இது எமக்கு அந்நியமான விடயமன்று. ஏப்ரல் வசந்த காலத்தில் இறம்பொடை வளைவுகளில் நுவரெலியாவை நோக்கி ஏறும் வாகன வரிசையை நாம் அறிவோம். அங்கு மஹகஸ்தோட்டை மலையேற்றக் காரோட்டப் பந்தயம் 1934ஆம் ஆண்டில் ஆரம்பமானது. லயன்களிலிருந்து பிள்ளைகள் பாடசாலைக்கும் பெரியோர் கொழுந்து மலைக்கும் செல்வது இவ்வீதியோரமாகத்தான். தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஓடுபாதையை விட்டு விலகிய கார் மோதி, 8 வயதுச் சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தமையும் மறக்கக்கூடியதல்ல.

டக்கார் ஏற்பாட்டாளர்கள் பாடம் எதுவும் கற்கவில்லை என்று கூறுவது நியாயமாகாது. குடியிருப்புகளை அண்மித்த பகுதிகள் வேகக் கட்டுப்பாட்டு வலயங்களாக்கப்பட்டன. வாகனத்திலுள்ள செய்மதிக் கருவி வேகத்தைப் பதிவு செய்யும். வரம்பை மீறினால் தண்டனை உண்டு. எமது மலைவீதிகளில் பாயும் பஸ் வண்டிகளுக்கும் இத்தகையதொரு கருவி பொருந்துமே என்ற எண்ணம் எழாமலில்லை.

எனினும் பந்தயத்தை ஆபிரிக்காவிலிருந்து அகற்றியது இம்மரணங்களல்ல. 2007 டிசெம்பரில் மொரிட்டானியாவில் பிரெஞ்சு உல்லாசப் பயணிகள் நால்வர் கொல்லப்பட்டனர். லிஸ்பனில் தொடங்கவிருந்த 2008 பந்தயம் புறப்பாட்டுக்கு முதல் நாள் இரத்துச் செய்யப்பட்டது. உள்ளூர்ச் சிறுவர்களின் இறப்பு மாற்றாத பாதையை ஐரோப்பியரின் பாதுகாப்பு மாற்றிற்று. 2009 முதல் 2019 வரை தென் அமெரிக்காவிலும், 2020 முதல் சவூதியிலும் அது நடைபெறுகின்றது. சவூதி அரசு தனது மனித உரிமை நிலைமையை விளையாட்டினால் மறைக்க முயல்கின்றது என்ற கண்டனமும் எழுந்தது. பெண்கள் அங்கு வாகனம் செலுத்த 2018இலேயே அனுமதி கிடைத்தது. அதற்காகக் குரல்கொடுத்த லுஜைன் அல் ஹத்லூல், 2020 பந்தயம் ஆரம்பித்தபோது சிறையில் இருந்தார்.

அரபு நாட்டவரும் இன்று வெற்றியாளர் வரிசையில் உள்ளனர். 2011இல் கட்டாரின் நாஸர் அல் அத்தியாவும், 2025இல் சவூதியின் யஸீத் அல் ராஜியும் கார்ப் பிரிவில் வென்றனர். தமிழ்நாட்டு ஓசூரின் ரி.வி.எஸ். நிறுவனம் பங்கேற்கும் அணியில் ஓடிய கேரளத்தின் ஹரித் நோவா, 2024இல் மோட்டார் சைக்கிள்களின் இரண்டாம் தரப் பிரிவில் முதலிடம் பெற்றார்.

டக்கார் நகருக்கு அருகிலுள்ள ரோஸ் ஏரியின் கரையே முன்னர் பந்தயத்தின் முடிவிடமாக இருந்தது. பழைய வெற்றியாளரான ஹியூபர்ட் ஓரியோலின் முயற்சியால் ஆபிரிக்கா ஈக்கோ ரேஸ் என்ற வேறொரு பந்தயம் 2009இல் அக்கரையை வந்தடைந்தது. டக்காருக்கு உண்மையில் செல்லும் அப்பந்தயத்துக்கு டக்கார் என்ற பெயர் இல்லை. அப்பெயரின் உரிமை பிரெஞ்சு நிறுவனம் ஒன்றிடமே உள்ளது.